பன்னிரண்டு பேர், ஒரு சுவர்

போன ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒரு சான்றிதழ் கிடைத்தது. தங்க நிற பார்டர். நடுவில் என் பெயர். அதற்குக் கீழே, ‘இளையர் நலனுக்காக ஆற்றிய தன்னலமற்ற தொண்டைப் பாராட்டி’ என்று கொட்டை எழுத்தில். லேமினேட் வேறு செய்திருக்கிறார்கள்.

கொடுத்தது யார் என்கிறீர்களா? நாங்களேதான்! சிங்கப்பூர் தோ பாயோவில் தினமும் காலையில் கைவீசி நடக்கும் பன்னிரண்டு பேர் கொண்ட எங்கள் வாக்கிங் குழு, தானே அச்சடித்து, தானே கைதட்டி, தானே வாங்கிக்கொண்டது. கூடவே வடையும் காப்பியும்.

அது என்ன தொண்டு என்பதை இந்த வாரம் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் அந்த வடை எனக்குச் செரிக்காது.

எங்கள் குழுத் தலைவரை செல்வமணி அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயரைத்தான் மாற்றியிருக்கிறேன், ஆளை மாற்றவில்லை. பெரிய கம்பெனியில் மேனேஜராக இருந்து ரிட்டயர் ஆனவர். வேலை போய்விட்டது... மேனேஜர் போகவில்லை. சில மாதங்களுக்கு முன்னால் ஒருநாள், நடந்து முடித்து தே தாரிக் டீ குடிக்கும்போது அவருக்கு ஞானோதயம் வந்தது.

“நாமளும் சமுதாயத்துக்கு ஏதாச்சும் திருப்பிக் குடுக்கணும் லா.”

எல்லோரும் தலையாட்டினோம். உடனே என்ன செய்தோம் தெரியுமா? டி-ஷர்ட் தைக்கக் கொடுத்தோம். ஆரஞ்சு கலர். முதுகில் ‘இதயத்தால் இணைவோம்’. டி-ஷர்ட் வந்து, எல்லோரும் போட்டு அளவு பார்த்து, இரண்டு பேர் பெரிய சைஸ் மாற்றி வாங்கிய பிறகுதான், யாருக்குச் சேவை செய்வது என்று தேட ஆரம்பித்தோம்.

லிட்டில் இந்தியாவில், சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில், கடைகளுக்கு மேல்மாடியில் ஒரு விடுதி அகப்பட்டது. போக வீடில்லாத இளையர்களுக்கானது. படுக்கை உண்டு, சாப்பாடு உண்டு, கையில் ஒரு தொழிலும் கற்றுக்கொடுப்பார்கள். வேலை கிடைத்துச் சொந்தமாக ஓர் அறை எடுக்கும்வரை, குறிப்பிட்ட காலம் தங்கலாம்.

“சிங்கப்பூர்ல வீடில்லாத பிள்ளைங்களா? நான் பார்த்ததே இல்லையே!” என்றார் எங்கள் குழுவின் கமலா.

எப்படிப் பார்ப்பீர்கள்? கையில் போனும் முதுகில் பையும் இருந்தால் நம் கண்ணுக்கு எல்லோரும் டியூஷனுக்குப் போகும் பிள்ளைகள்தான். மூன்று நாள் ஒரு தோழியின் வீட்டு சோபாவில், நான்கு நாள் இன்னொருத்தியின் வீட்டுத் தரையில், அதுவும் முடிந்தால் பர்கர் கடை மேசையில் தலை சாய்த்து... வீடில்லாதவர் என்றால் கிழிந்த சட்டையோடு பாலத்துக்கு அடியில் கிடக்க வேண்டும் என்று நமக்கு ஓர் எதிர்பார்ப்பு. இல்லாவிட்டால் நம்ப மாட்டோம்.

விடுதியை நடத்துபவர் ஃபரீதா. நாகூர்ப் பக்கத்திலிருந்து வந்து, மூன்று தலைமுறையாக இங்கே துணிக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண். அவர் போனிலேயே அண்ணனிடம் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்: “படிக்கட்டுச் சுவர்தான் ரொம்ப மோசமா இருக்கு அண்ணே. அதைச் சுரண்டி வெள்ளை அடிச்சுக் குடுத்தா போதும். ஹால்ல மட்டும் எதையும் தொட்டுடாதீங்க.” இது எனக்குப் பிற்பாடுதான் தெரியும். அண்ணனுக்கு அன்றைக்கே தெரியும்.

ஒரு சனிக்கிழமை காலையில் ஆரஞ்சுப் படை போய் இறங்கியது. விடுதியில் பிள்ளைகள் ஒருவரும் கண்ணில் படவில்லை. “ஃபோட்டோவுக்கு நாலு பேரை நிறுத்துங்க” என்று அண்ணன் கேட்டிருக்கிறார். “யார் முகமும் படத்துல வரக்கூடாது” என்று சொல்லி, ஃபரீதா எல்லோரையும் வகுப்புக்கும் நூலகத்துக்கும் அனுப்பிவிட்டார். வீடில்லாதவர்களுக்கு உதவ நாங்கள் வந்தோம். அதற்காக அவர்கள் வீட்டைவிட்டு வெளியே போக வேண்டியதாயிற்று! கேலிக்கூத்து என்றால் இதுதான்.

வெளியே போகாமல் காய்ச்சலில் படுத்திருந்த ஒரே ஒரு பெண்ணையும் ஃபரீதா பத்து மணிக்குப் பாலிகிளினிக் கூட்டிப் போனார். எங்களை நம்பிப் போனார்.

படிக்கட்டு குறுகல். இருட்டு. இரண்டு பேர் சேர்ந்து நிற்க முடியாது. அண்ணன் பன்னிரண்டு பேரையும் படிகளில் அடுக்கி ஒரு படம் எடுத்துப் பார்த்தார். இரண்டே இரண்டு டி-ஷர்ட்தான் தெரிந்தது. கமலா செல்ஃபி எடுத்தார், முகமே வரவில்லை.

“இங்க லைட்டிங் சரியில்லை லா” என்றார் அண்ணன்.

அவ்வளவுதான். படிக்கட்டின் தலைவிதி முடிந்தது. மேலே ஏறிப் போனோம்.

மேலே ஹால். பெரிய ஜன்னல், நல்ல வெளிச்சம். எதிரே ஒரு சுவர். அந்தச் சுவர் பார்க்க விசித்திரமாக இருந்தது. இடது ஓரத்தில் வெறும் சிமெண்ட். அடுத்த பட்டையில் வெள்ளைப் பட்டி பூசியிருந்தது. அதற்கடுத்து பிரைமர். பிறகு ஒரு கோட் சாம்பல் நிறம், கடைசியில் அதே நிறம் இன்னும் அழுத்தமாக. நடுநடுவே மாஸ்கிங் டேப். ஒரு பேப்பரும் ஒட்டியிருந்தது. நீல மையில், அழகான கையெழுத்து: ‘ப்ளீஸ், தொடாதீங்க. – சங்கரி’.

“அடப் பாவமே, பாதியில விட்டுட்டாங்க. பெயிண்ட் பத்தலை போல. நாம சர்ப்ரைஸா முடிச்சுக் குடுத்துடுவோம்” என்றார் அண்ணன்.

“பேப்பர் ஒட்டியிருக்கே?” என்று நான் கேட்டேன். கேட்டேன் என்பதை என் மனசாட்சிக்காகப் பதிவு செய்கிறேன்.

“சின்னப் பிள்ளைங்க சும்மா எழுதி வைக்கும். நீங்க டீச்சர் ஆச்சே, உங்களுக்குத் தெரியாதா?”

பேப்பரை உரித்தது யார்? நான்தான்! முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் ‘அடுத்தவங்க பொருளைக் கேட்காம தொடாதே’ என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிய நான். பெயரைப் படித்தேன், உரித்தேன், மடித்து பேண்ட் பாக்கெட்டில் வைத்துக்கொண்டேன்.

இரண்டரை மணி நேரம். சுவர் முழுக்க, அண்ணன் வாங்கி வந்திருந்த மஞ்சள். கமலா ஒரு சூரியன் வரைந்தார், சிரிக்கிற சூரியன். பன்னிரண்டு பேரும் உள்ளங்கையில் பெயிண்ட் தடவிச் சுவரில் பதித்தோம். படம் பிரமாதமாக வந்தது.

ஒரு மணிக்கு சங்கரி வந்தாள். இருபது வயது இருக்கும். ஒல்லி. ஷூவில் சிமெண்ட் தூசி. வாசலில் அப்படியே நின்றாள்.

“பிடிச்சிருக்காம்மா?” என்று கேட்டார் கமலா.

அவள் கிட்டே போய் மஞ்சளை விரலால் தொட்டுப் பார்த்தாள். “உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சீங்களா?” என்றாள். அண்ணன் கமலாவைப் பார்த்தார். “எத்தனை மணிக்கு ஆரம்பிச்சீங்க?”

“பத்தரை” என்றார் அண்ணன்.

பையைக் கீழே வைத்தாள். ஒரு வாளித் தண்ணீரும் துணியும் எடுத்து வந்து எங்கள் சூரியனைத் துடைக்க ஆரம்பித்தாள்.

“ஐயையோ, என்னம்மா பண்றே? எவ்வளவு கஷ்டப்பட்டு...” என்று கமலா பதறினார்.

அந்த நேரம் பார்த்து ஃபரீதா திரும்பி வந்தார். சுவரைப் பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. அது சங்கரியின் பெயிண்டிங் பயிற்சிக்கான தேர்வுச் சுவர். மூன்று வார வேலை. ஒவ்வொரு அடுக்கையும் சோதிப்பவர் பார்க்க வேண்டும் என்பதற்காக, பட்டை பட்டையாக வேண்டுமென்றே திறந்து விட்டிருந்தாள். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவர் வருகிறார். பாஸ் செய்தால் ஒரு காண்ட்ராக்டர் வேலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். வேலை கிடைத்தால் அறை எடுக்கலாம். விடுதியில் அவளுடைய காலம் அடுத்த மாதத்தோடு முடிகிறது.

எங்களுக்குப் புரிந்தது. புரிந்ததும் என்ன செய்தோம்? கால் மணி நேரம் ‘சாரி’ சொன்னோம். பிறகு சாப்பிடப் போனோம். ரேஸ் கோர்ஸ் ரோட்டில் வாழை இலைச் சாப்பாட்டுக்கு ஒன்றரை மணிக்கு மேசை சொல்லி வைத்திருந்ததே, அதை விட முடியுமா?

கிளம்பும்போது கமலா சும்மா இருக்கவில்லை. “உன் அப்பா அம்மா எங்கேம்மா?” என்று கேட்டார்.

“வீட்லதான் இருக்காங்க ஆன்ட்டி. நான்தான் இல்லை” என்றாள் சங்கரி, துடைப்பதை நிறுத்தாமல்.

நானும் சாப்பிடப் போனேன். ரசம் வரைக்கும் வந்தேன் என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். அதற்கு மேல் இறங்கவில்லை. எழுந்து விடுதிக்குத் திரும்பினேன்.

“ஏதாவது செய்யட்டுமா?” என்று கேட்டேன்.

“எதையும் தொடாம உக்காருங்க ஆன்ட்டி. அதுவே பெரிய ஹெல்ப்.”

அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு அவளே சுரண்டும் தகடு ஒன்றைக் கொண்டு வந்து கையில் கொடுத்தாள். “படிக்கட்டு” என்றாள். ஒரே வார்த்தை. சனிக்கிழமை மாலை வரைக்கும், மறுபடி ஞாயிற்றுக்கிழமையும், இருட்டில் உட்கார்ந்து பழைய பெயிண்ட்டைச் சுரண்டினேன். போன் கிணுகிணுவென்று அடித்துக்கொண்டே இருந்தது. எங்கள் குழுவின் வாட்ஸ்அப்பில் மஞ்சள் சுவர் படம் ஓடிக்கொண்டிருந்தது. ‘சூப்பர்!’ ‘மனசு நிறைஞ்சுடுச்சு!’ கைகூப்பும் பொம்மைகள். மாடியில் அந்த மஞ்சள் அதற்குள் வாளித் தண்ணீரில் போயிருந்தது.

பெயிண்ட் காய்ந்திருந்த பட்டைகளைத் துடைத்துக் காப்பாற்றிவிட்டாள். சிமெண்ட்டும் பட்டியும் மஞ்சளைக் குடித்துவிட்டன. அவற்றைச் சுரண்டி, மறுபடி பூசி, காய வைக்க வேண்டும். ஞாயிறு முழுக்க மழை. இருந்த ஒரே மேசை விசிறியைச் சுவருக்குத் திருப்பி வைத்துவிட்டு, அவள் வேர்த்து விறுவிறுத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எனக்கு அவளைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

திங்கட்கிழமை தேர்வாளர் வந்தார். வயதான சீனர், அதிகம் பேசாதவர். ஒவ்வொரு பட்டையாகப் பார்த்தார். பட்டி பூசிய இடத்தில் கட்டை விரலை வைத்து அழுத்தினார். “நாட் டிரை” என்றார். ஃபெயில். அடுத்த வாய்ப்பு மூன்று மாதம் கழித்து. காண்ட்ராக்டர் அதுவரை காத்திருக்க மாட்டார்.

அன்று மாலை ஃபரீதா இதைப் போனில் சொன்னபோது அழுதுவிட்டேன். உடனே ஓடினேன். “நான் பயிற்சி நிலையத்துக்கு லெட்டர் எழுதறேன் சங்கரி” என்றேன்.

“எழுதுங்க ஆன்ட்டி. ஆனா ‘பாவம், ஏழைப் பொண்ணு’ன்னு எழுதாதீங்க. ‘நாங்க கெடுத்தோம்’னு எழுதுங்க. அதான் நடந்துச்சு.”

அப்படியே எழுதினேன். உரித்த பேப்பரின் நகலையும் இணைத்தேன். பன்னிரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால் கனமாக இருக்குமே என்று மறுநாள் காலை வாக்கிங்குக்கு எடுத்துப் போனேன்.

“குரூப் இமேஜ் என்னாகும் டீச்சர்? கொஞ்சம் யோசிங்க” என்றார் அண்ணன்.

“நான் சூரியன் மட்டும்தானே வரைஞ்சேன்!” என்றார் கமலா.

ஒருவருக்கு மூக்குக் கண்ணாடி கொண்டு வராததால் படிக்க முடியவில்லை. இன்னொருவருக்குத் திடீரென்று மூட்டுவலி வந்துவிட்டது. சுவரில் கையைப் பதிக்க முண்டியடித்த பன்னிரண்டு பேரில், தாளில் கையெழுத்துப் போட்டது ஒரே ஒருத்தி. நான் நல்லவள் என்று சொல்ல வரவில்லை. பேப்பரை உரித்தவள் அதையாவது செய்ய வேண்டாமா?

ஒற்றைக் கையெழுத்தோடுதான் அந்தக் கடிதம் போனது. இரண்டு வாரத்தில் சங்கரிக்கு மறுதேர்வு கொடுத்தார்கள். பாஸ் செய்தாள், காண்ட்ராக்டரும் வேலைக்கு எடுத்துக்கொண்டார். சுவர் நன்றாகக் காய்ந்திருந்தது, அதைத் தவிர வேறு அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை.

இப்போது போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். வடை, காப்பி, சான்றிதழ். திரையில் எங்கள் மஞ்சள் சுவர் பெரிதாக வந்தது. அண்ணன் மைக்கைப் பிடித்தார். “அன்னிக்கு நாம தொட்ட அந்தச் சுவர், இன்னிக்கு ஒரு பொண்ணுக்கு வேலையே வாங்கிக் குடுத்திருக்கு!” ஒரே கைதட்டல். கமலா கண்ணைத் துடைத்துக்கொண்டார். என்ன திமிர் பாருங்கள்! ஒரு பெண்ணின் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டு, அவள் தன் கையால் அந்த மண்ணைத் தள்ளி எழுந்து வந்தால், எழுப்பிவிட்டது நாங்கள்தான் என்கிறோம். ‘உங்களுக்கு என்ன வேணும்?’ என்று கேட்டு, சொன்னதை மட்டும் செய்வது நமக்கு அவ்வளவு கௌரவக் குறைச்சல். இருட்டுப் படிக்கட்டில் சேவை செய்தால் யாருக்குத் தெரியும்?

எழுந்து நாலு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். வாயில் வடை இருந்தது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

இரண்டு நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை காலை. எங்கள் அடுக்குமாடி புளோக்கில் பெயிண்ட் வேலை நடக்கிறது. லிஃப்ட் முன்னால் ஹெல்மெட்டோடு ஓர் உருவம் சுவரில் ரோலர் ஓட்டிக்கொண்டிருந்தது. திரும்பினால் சங்கரி!

“வேலை எப்படிம்மா இருக்கு?”

“முதுகு வலி ஆன்ட்டி. ஆனா ஓகே. பிடோக்ல ரூம் எடுத்துட்டேன். ரூம்மேட் குறட்டைதான் தாங்கலை.”

சொல்லிக்கொண்டே பையிலிருந்து ஒரு தாளை எடுத்து டேப் போட்டுச் சுவரில் ஒட்டினாள். ‘ஈரப் பெயிண்ட். தொடாதீர்கள்.’ ஒட்டிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“ஆன்ட்டி... இதையும் உரிச்சுடாதீங்க லா.”

லிஃப்ட் வரும்வரை இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.