நடுவட்டத்து டிஷ்

எங்கள் கம்பெனி என்றால் நானும் என் வீட்டுக்காரரும்தான். கேபிள் இழுக்க முடியாத மலை என்பதால், டவருக்கு டவர் டிஷ் வைத்து வீடுகளுக்கு இன்டர்நெட் கொடுக்கிறோம். அவர் டவர் ஏறுவார். நான் ஊட்டி ஆபீசில் உட்கார்ந்து போனில் திட்டு வாங்குவேன்.

முன்பு லைன் ஒரே கோடாகப் போகும். ஊட்டி, நடுவட்டம், கூடலூர், தேவாலா. எங்கே அறுந்தது என்று கண்டுபிடிக்க எனக்குக் கம்ப்யூட்டர் தேவைப்பட்டதில்லை. நடுவட்டம் டீக்கடைக்காரர் போனில் கத்தினால் கோளாறு ஊட்டிக்கும் அவருக்கும் நடுவில். அவர் சும்மா இருந்து தேவாலாக்காரர்கள் மட்டும் கத்தினால் கூடலூருக்கு அப்பால். திட்டு வரும் திசையை வைத்தே வண்டியை அனுப்பிவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

போன வருஷம் என் வீட்டுக்காரர் அந்த லைனை வளையமாக்கினார். தேவாலாவிலிருந்து வேறு மலைகள் வழியாகச் சுற்றிக்கொண்டு மறுபடியும் ஊட்டிக்கே வந்துசேரும். ஒரு பக்கம் அறுந்தால் தானாகவே மறுபக்கத்துக்கு மாறிக்கொள்ளுமாம். நல்லதுதான். ஆனால் போன் அடிப்பதே நின்றுபோனது. எல்லாம் நன்றாக இருப்பதால் அடிக்கவில்லையா, ஒரு பக்கம் செத்துக் கிடந்தும் அடிக்கவில்லையா என்று எனக்குப் பிடிபடவே இல்லை. கேட்டால், "ஸ்கிரீனப் பாரு, பச்சையா இருந்தாச் சரி" என்பார்.

ஒரு மழை நாள் காலையில் தேவாலாவிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். தேயிலை எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீட்டிலிருந்து காலேஜ் போய்ப் படித்து முடித்தவள். மதியம் அவளுக்கு வீடியோவில் வேலைக்கு இன்டர்வியூ.

"அக்கா, நெட்டு வருது, நிக்குது, மறுபடி வருது. போன தடவ பாதியில கட்டாயிருச்சுன்னு இன்னொரு சான்ஸ் குடுத்திருக்காங்க. இன்னைக்கும் நின்னுச்சுன்னா அவ்வளவுதாங்க்கா."

ஸ்கிரீனைப் பார்த்தேன். எல்லா டவரும் பச்சை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடுவட்டம் சிவப்பாகி, மறுபடியும் பச்சையானது. வளையம் வேலை செய்கிறது என்று சந்தோஷப்படுவதா, பயப்படுவதா?

அவருக்குப் போன் போட்டேன். நடுவட்டம் டவரடியில்தான் இருந்தார். "டிஷ்ஷப் புடிச்சிருக்கிற போல்ட் லூசாயிருச்சு. இந்த மழையில ஏற முடியாது. நீ கவலப்படாத. காத்தடிச்சு டிஷ் ஆடுனா லைன் தானா அந்தப் பக்கம் போயிருது, காத்து ஓஞ்சா தானா இந்தப் பக்கம் வந்துருது" என்றார். பிள்ளை நடை பழகியதைச் சொல்லும் குரல்.

"மாறுறதுக்கு எவ்வளவு நேரமாகும்?"

"என்ன, ஒரு அர நிமிசம்."

"அந்த அர நிமிசத்துலதானுங்க அந்தப் புள்ள நெட்டு நிக்குது! போறப்ப ஒருக்கா, வர்றப்ப ஒருக்கா!"

அடுத்துச் சொன்னதைப் புரிந்து சொன்னேன் என்று சொல்ல மாட்டேன். கோபத்தில் வந்துவிட்டது. "ஏனுங்க, பேசாம நடுவட்டத்துப் பக்கத்த முழுசா அணைச்சுப்போடுங்க."

"அணைக்கிறதுக்கா வளையம் போட்டேன்? அந்தப் பக்கமும் போச்சுன்னா மாறிக்க எடமே இல்ல. மொத்தமும் போயிரும்."

"போனாப் போகட்டும். இப்படி ஊசலாடுறதுக்கு அது தேவலை."

மழைச் சத்தத்தோடு அவர் டவரடி சுவிட்சுப் பெட்டியைத் திறக்கும் சத்தம் போனில் கேட்டது. பிறகு ஸ்கிரீனில் நடுவட்டம் சிவப்பானது. சிவப்பாகவே இருந்தது. சிவப்பைப் பார்த்து நான் ஆறுதலடைந்தது அன்றுதான்.

இன்டர்வியூ நேரம் வந்தது. போன் அடிக்கவில்லை. நன்றாகப் பேசிக்கொண்டிருக்கிறாளா, மொத்தமும் போய் அழுதுகொண்டிருக்கிறாளா? நானே கூப்பிட்டுப் பார்க்கலாம் என்றால், என் போனாலேயே பேச்சு கெட்டுவிட்டால்? ஆபீசுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். முன்பு திட்டாவது தெளிவாக வந்தது.

கடைசியில் அவளே கூப்பிட்டாள்.

"ஒரு தடவகூட நிக்கலக்கா. சுத்தமா இருந்துச்சு."

"அப்புறம் என்ன கண்ணு, வேலை கெடச்ச மாதிரிதான?"

"இல்லக்கா. அவங்க கேட்டதெல்லாம் தெளிவாக் கேட்டுச்சு. எனக்குத்தான் பதில் வரல." என்றவள், "நெட்டு மேல பழி போடக்கூட வழியில்லாமப் போச்சு" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்கு வலித்தது.

இதற்கு நான் பெருமைப்படுவதா, மன்னிப்புக் கேட்பதா? அதற்குள் அவளே பேசினாள்.

"அடுத்த வாரம் வேற கம்பெனியில ஒண்ணு இருக்குக்கா. அன்னைக்கும் இதே மாதிரி நிக்காம வெச்சுக் குடுப்பீங்களா?"