கச்சதீவில் நான் பார்த்த தூதுவர் உத்தியோகம்

கச்சதீவு யாருக்குச் சொந்தம் என்று அக்கரையில், இராமேஸ்வரப் பக்கம், தேர்தலுக்குத் தேர்தல் கேட்பார்கள். தரமாட்டோம் என்று எங்கள் கரையிலிருந்து அறிக்கை போகும். குடிக்கத் தண்ணீர் இல்லாத அந்தத் தீவில் அந்தோனியார் திருவிழாவுக்கு மட்டும் இரண்டு கரைச் சனமும் கடவுச்சீட்டு இல்லாமல் வந்திறங்கும். அங்கே ஒரு பின்னேரம் நானும் இராஜதந்திரியாக இருந்திருக்கிறேன். வயது எட்டு. முன்பல் இல்லை. நழுவும் காற்சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் பேச்சுவார்த்தை நடத்தினேன்.

அப்பாவின் தங்கை, என் மாமி, யுத்தகாலத்தில் வள்ளமேறிப் போய் இராமேஸ்வரத்தில் கலியாணம் முடித்து அங்கேயே தங்கிவிட்டார். அண்ணனும் தங்கையும் முகம் பார்ப்பது இந்தத் திருவிழாவில்தான். எங்கள் பக்கமிருந்து குளிக்கும் சவர்க்காரமும் தேங்காயெண்ணெயும் போகும். அங்கிருந்து சேலையும் அல்வாவும் வரும்.

அந்த வருஷம் அக்கரை இழுவைப்படகுகள் ஊர்காவற்றுறைக் கடல்வரை வந்து அப்பாவின் வலையை அறுத்துக்கொண்டு போயிருந்தன. மாமியின் கணவர், என் மாமாவுக்கோ, அப்படியொரு இழுவைப்படகில்தான் வேலை. ஆகவே கோயிலுக்கு இந்தப் பக்க மரத்தடியில் அப்பா, அந்தப் பக்க மரத்தடியில் மாமா. இருவரும் முறைத்துக்கொண்டால் அடுத்த வருஷம் தன்னைக் கூட்டிவர ஆளிருக்காது என்று மாமிக்குத் தெரியும். செபமாலையை உருட்டியபடி நடுவெயிலில் நின்றார்.

அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"போய்ச் சொல்லு. வலை அறுத்தவையின்ர கையால ஒரு துண்டு அல்வாவும் எனக்கு வேண்டாமெண்டு."

இதை அப்படியே சொன்னால் எனக்கும் அல்வா இல்லை. ஆகவே, அல்வா கொண்டுவந்தனீங்களோ என்று அப்பா கேட்டதாகச் சொன்னேன். மாமா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒரு துண்டு தந்தார். பிறகு, கடலில் வேலியா போட்டு வைத்திருக்கிறது என்று உன் அப்பாவைக் கேள் என்றார். மாமா மனம் வருந்துகிறாராம் என்று அப்பாவிடம் சேர்ப்பித்தேன். இப்படி இரண்டு நடை, இரண்டு துண்டு. மூன்றாம் நடைக்கு மாமாவே அல்வாப் பெட்டியோடு எழுந்து வந்துவிட்டார். அப்பா பாயில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

மாமா பெட்டியைப் பாயின் நடுவில் வைத்தார். முதலில் வாயைத் திறந்ததும் மாமாதான்.

"மச்சான், இனிமே உங்க வலை கிடக்குற பக்கம் எங்க படகு வராது. நான் சொல்றேன்."

"சரி மச்சான். நீர் சொன்னாக் காணும். வேறொண்டும் வேண்டாம்."

உலக சமாதானத்தை நானே கொண்டுவந்த மாதிரி வள்ளத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஊருக்கு வந்தேன். பள்ளிக்கூடத்திலும் அளந்தேன். மழைக்கு முன்பே வலை திரும்பவும் அறுந்தது. என் ஒப்பந்தம் கடலில் போனது எனக்குப் பெரிய அவமானம். அப்பா மாமாவை ஒரு சொல் ஏசவில்லை. அடுத்த திருவிழாவுக்கு முதல் வேலையாகச் சவர்க்காரம் கட்டினார். ரோசமில்லாத மனிசன் என்றுகூட நினைத்தேன்.

மாமா அந்தப் படகில் வெறும் கூலியாள் என்பது வளர்ந்த பிறகுதான் எனக்கு விளங்கியது. படகை எங்கே விடுவது என்று சொல்லுகிறவர் கடலுக்கே வருவதில்லை. சின்ன வயதில் பிறத்தியாரின் வள்ளத்தில் கூலிக்குப் போன அப்பாவுக்கு அது தெரியாமலிருக்க வழியில்லை. "நீர் சொன்னாக் காணும்" என்றபோது அவர் மாமாவைப் பார்க்கவில்லை. அதைக் கேட்டு வெயிலிலிருந்து நிழலுக்கு வந்து உட்கார்ந்த தன் தங்கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.