போறணைச் சுவரோரம் ஒரு கொடி

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் என்று ஊரெல்லாம் சொல்லும். சொல்லட்டும். கோபம் வராதவளாக இருந்திருந்தால், அந்த ஆனி ஆடி மழையில் என் வேலையும் துணியோடு துணியாக நனைந்து போயிருக்கும்.

ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. கல்யாணம் முடிந்த கையோடு ஹட்டன் டவுனில் ஒரு வீட்டின் பின்பக்கத்து அறையை வாடகைக்கு எடுத்தோம். அவருக்கு டவுனில் ஒரு துணிக்கடையில் வேலை. எனக்கு டிக்கோயாவுக்கு மேலே ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியில், பிரசவ வார்டில், கூடமாட உதவி செய்கிற வேலை. எங்கள் குடும்பத்தில் கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டாமல் சம்பளம் வாங்கப் போன முதல் பொம்பளை நான்தான். அதில் எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் வேலை நிரந்தரமாகவில்லை. மழைக்காலம் முடியட்டும், பார்த்துச் சொல்கிறோம் என்றிருந்தார்கள்.

சொல்ல வேண்டியவர் வார்டின் பெரிய மிஸி. நர்ஸ்மாரை எங்கள் பக்கம் மிஸி என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. காலையில் நான் உள்ளே நுழைந்ததும் புறங்கையை என் தோளில் வைத்துச் சேலையைத் தொட்டுப் பார்ப்பார். ஈரம் தட்டினால் அன்றைக்கு எனக்குத் தரை கூட்டும் வேலைதான். பிள்ளையைத் தொட விடமாட்டார்.

"இந்தக் குளுருல ஈரச் சேலையோட பச்சப்புள்ளையத் தூக்குனா, அது நெஞ்சுல சளி கட்டிக்கும். ஒனக்கு அது வெளங்குதா?" என்பார்.

எனக்கு விளங்கியது. மழைக்கு விளங்கவில்லை. வார்டுக்குக் கட்ட என்னிடம் இருந்தது இரண்டே இரண்டு வெள்ளைச் சேலை. ஒன்றைக் கட்டினால் இன்னொன்று துவைத்துக் காய வேண்டும். பஸ் ஏறப் போகும்போது நனையாமல் இருக்க அம்மாவின் பழைய கம்பளியைத் தலையில் போட்டு, அவள் கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் சுற்றுகிற படங்குச் சாக்கையும் சுற்றிக்கொள்வேன். வெள்ளைச் சேலைக்கு மேல் சாக்கு. பஸ்ஸில் சிரித்தவர்களை முறைத்தே அடக்கினேன். வழியில் நனையாமல் பார்த்துக்கொள்ளலாம். வீட்டிலேயே காயாத சேலையை என்ன செய்வது?

ஹட்டனில் அந்த மாதங்களில் வெயில் என்பது கேள்விப்படுகிற சங்கதி. கூரைத் தாழ்வாரத்தில் போட்டால் பனிமூட்டம் வந்து திரும்பவும் நனைத்துவிட்டுப் போகும். அடுப்புக்கு மேலே கட்டினேன். காய்ந்தது. ஆனால் கருவாட்டுப் புகை வாடை. மிஸி அன்றைக்குக் கையை வைக்கவே இல்லை, மூக்கைச் சுளித்ததோடு சரி. இஸ்திரிப் பெட்டியில் கரி போட்டு ஈரத்தோடு தேய்த்தேன். முந்தானையில் பெட்டியின் அடிப்பாகம் அப்படியே பழுப்பாகப் பதிந்தது. அந்த முந்தானையை உள்ளே செருகிக் கட்டித்தான் அப்புறம் காலம் தள்ளினேன்.

அந்த வீட்டில் ஒரே ஒரு இடம் காய்ந்து கிடந்தது. அது நடை. வீட்டுக்கும் பக்கத்து பேக்கரிக்கும் நடுவில், தகரக் கூரை போட்ட ஒடுங்கலான பாதை. கையை விரித்தால் இரண்டு சுவரும் இடிக்கும். பேக்கரிக்காரர்கள் ரொட்டிப் பாண் சுடுகிற போறணை அடுப்பின் பின்சுவர்தான் நடையின் ஒரு பக்கம். மழை கொட்டுகிற காலையில் அந்தச் சுவரில் உள்ளங்கையை வைத்தால் சூடு முழங்கைவரை ஏறும். முதல் தடவை கை வைத்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. அன்றைக்கே ஆணி அடித்து, போறணைச் சுவரிலிருந்து எதிர்ச் சுவருக்குக் குறுக்கும் மறுக்குமாகக் கொடி கட்டி, சேலையையும் உள்பாவாடையையும் போட்டேன். மத்தியானத்துக்குள் அப்பளம் மாதிரி மொறுமொறுவென்று காய்ந்துவிட்டது.

சாயந்தரமே பஞ்சாயத்து வந்தது.

வீட்டுச் சொந்தக்காரர் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். காலைப் பெரட்டில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிட்டுப் பழகிய தொண்டை. டவுன் மாரியம்மன் கோயிலுக்குத் தர்மகர்த்தா வேறு. வாடகை பேசும்போதே எனக்கென்று தனியாக ஒரு சட்டம் போட்டவர்: பிரசவ வார்டுக்குப் போய் வருகிறவள் தீட்டு, குளித்தாலும் சரி, குளிக்காவிட்டாலும் சரி, கோயில் சம்பந்தப்பட்ட எதிலும் என் கை படக் கூடாது. சரி ஐயா என்று தலையாட்டிவிட்டுத்தான் குடிவந்தோம்.

கொல்லையில் இருந்த குழாய்க்கும் கக்கூசுக்கும் போக அவருக்கு நடைதான் வழி. நடையின் வாசலில் நின்று கொடியைப் பார்த்தார்.

"இந்தாம்மா, இது ஆம்பளைங்க போற வர்ற எடம். பொம்பள சேலைக்கும் பாவாடைக்கும் கீழ நான் தலையக் குடுக்கணுமா?"

"கொஞ்சம் குனிஞ்சு போனாப் போதுங்க ஐயா. தலையில படாது."

குனிந்து என்ற வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது.

"குனியவா? தொரைக்கே நான் குனிஞ்சதில்ல."

துரையின் குதிரைச் சத்தம் கேட்டாலே தொப்பியைக் கழற்றி அவர் எவ்வளவு தூரம் குனிவார் என்பது அதே தோட்டத்தில் பிறந்த எனக்குத் தெரியாதா? நாக்கு நுனிவரை வந்தது. பக்கத்தில் நின்ற என் புருஷன் என் கையைக் கிள்ளினார். விழுங்கிக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து கூத்து ஆரம்பித்தது. கணக்கப்பிள்ளை ஐயா ஒரு கையில் குடையும் மறு கையில் செம்புமாக வாசல் வழியாக வீதியில் இறங்கி, பேக்கரியைச் சுற்றி, வழுக்குகிற படிகளில் ஏறிக் கொல்லைக்குப் போனார். கொட்டுகிற மழையில் போவார், அதே வழியில் வருவார். வீதியில் போகிறவர்கள் கும்பிடு போட்டால் செம்புக் கையைத்தான் தூக்க வேண்டியிருக்கும். நான் சிரிக்கவில்லை என்று சொன்னால் அது பொய்.

கொஞ்ச நாள்தான் பொறுத்தார். ஒரு சாயந்தரம் நான் வேலை முடிந்து வரும்போது கொடி அறுந்து கிடந்தது. தோட்டத்திலிருந்து கொண்டுவந்த கவ்வாத்துக் கத்தியால் அறுத்திருந்தார். தேயிலைச் செடியை வெட்டுகிற கத்தி, என் கயிறு எம்மாத்திரம்? சேலை தரைப் புழுதியில் கிடந்தது. இனிக் கொடி கட்டினால் வீட்டைக் காலி பண்ண வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இன்னிக்கு வேணாம் புள்ள, விட்ரு. இந்த மழையில வேற வீட்டுக்கு எங்க போறது?" என்று என் புருஷன் கெஞ்சினார். சேலையை அலசிப் பிழிந்து அறைக்குள் விரித்தேன். காலையில் மற்றச் சேலையைக் கட்டிக்கொண்டு போனேன். அதுவும் பாதி ஈரம்தான்.

மிஸி புறங்கையை வைத்தார். இந்தத் தடவை திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"வீட்டுக்குப் போ. நாளைக்குக் காஞ்ச சேலையோட வா. இல்லாட்டி வராத. வேற ஆளப் பாத்துக்கிறேன்."

டிக்கோயாவிலிருந்து பஸ்ஸுக்குக்கூட நிற்காமல் மழையில் நடந்தே வந்தேன். வழியெல்லாம் அழுதேன், வழியெல்லாம் திட்டினேன். படங்குச் சாக்கு ஊறி இடுப்பில் கல்லாகக் கனத்தது.

வீட்டுக்கு வந்தால் அங்கே வேறொரு கலவரம். அன்றைக்கு அம்மன் கோயில் ஆடித் திருவிழா. மத்தியானம் கோயில் ஆட்கள் மேளத்தோடு வந்து தர்மகர்த்தாவை அழைத்துப் போய், முதல் மரியாதையாகத் தலையில் பரிவட்டம் கட்டுவார்கள். அதற்கென்று ஒரு பட்டுக்கரை வேட்டி. துவைத்துக் காய்ந்ததைத்தான் கட்ட வேண்டும், பெட்டியில் மடித்துக் கிடந்தது ஆகாது. அதுவும் ஐயா போட்ட சட்டம்தான். முதல்நாளே துவைத்த வேட்டி அப்போதும் சொட்டிக்கொண்டிருந்தது.

அவர் வீட்டம்மா, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், அந்த வேட்டியைத் தூக்கிக்கொண்டு என் அறை வாசலுக்கு வந்தார்.

"தங்கச்சி, அந்தக் கொடியக் கட்டு."

"ஐயா அறுத்துட்டாங்களேக்கா."

"நான் சொல்றேன், கட்டு. ஒன் சேலையும் ஈரமாத்தானே கெடக்கு? அதையும் போடு."

கட்டினேன். போறணை வாய்க்கு நேர் பின்னால், நடையின் கோடியில்தான் சூடு அதிகம். அக்கா தன் கையாலேயே வேட்டியை அங்கே போட்டார். நான் தொடவில்லை. வீட்டில் கட்டுகிற பழைய சேலைக்கு மாறிக்கொண்டு, வாசல் பக்கம் மிச்சமிருந்த இடத்தில் என் இரண்டு வெள்ளைச் சேலையையும் உள்பாவாடையையும் விரித்தேன். இடைவெளி ஒரு சாண்கூட இல்லை. அக்கா அதைப் பார்த்தார். அப்படியே விட்டுவிட்டு மாவிளக்குக்கு மாவு பிசையப் போய்விட்டார்.

பட்டுக்கரை வேட்டி மெல்லிசு, சீக்கிரம் காய்ந்தது. என் சேலை தடித்த பருத்தி. இன்னும் ஈரம் இழுத்துக்கொண்டிருந்தது.

மேளம் வீதி முனையில் கேட்டது. ஐயா வீட்டுக்குள்ளேயே வெந்நீரில் குளித்துவிட்டு, நெற்றி நிறைய விபூதியோடு, இடுப்பில் துண்டோடு நடை வாசலுக்கு வந்தார். கோடியில் வேட்டி தெரிந்தது. நடுவில் என் துணிகள்.

"ஏய், வேட்டிய எடுத்துட்டு வா" என்று உள்ளே பார்த்துக் கத்தினார்.

"கையெல்லாம் மாவுங்க. நீங்களே எடுத்துக்கங்க" என்று அக்காவின் குரல் வந்தது.

என் பக்கம் திரும்பினார். "நீ எடு."

"நான் பிரசவ வார்டுலருந்து வந்தவ ஐயா. கோயில் வேட்டியத் தொட்டாத் தீட்டுன்னு நீங்கதானே சொன்னீங்க."

"அப்ப ஒன் சேலைய எடுத்துத் தொல."

"இன்னும் காயலைங்க. ஈரச் சேலையோட போனா நாளையோட என் வேல போயிரும். எடுக்க மாட்டேன்."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. என் புருஷன் அங்கே இருந்திருந்தால் கையைக் கிள்ளிப் புண்ணாக்கியிருப்பார். நல்லவேளை, கடையில் இருந்தார்.

சுற்றிப் போக ஐயாவுக்கு வழி இல்லாமல் இல்லை. ஆனால் அது வீதி வழி. வீதியில் மேளக்காரர்களும் பாதி ஊரும் வாசலுக்கே வந்துவிட்டார்கள். தர்மகர்த்தா துண்டோடு அவர்கள் நடுவில் போய்ப் பேக்கரியைச் சுற்றுவாரா? என்னைப் பார்த்தார். சேலையைப் பார்த்தார். மேளம் இன்னும் ஓங்கியது.

குனிந்தார். முதலில் பாவாடை, அப்புறம் ஒரு சேலை, அப்புறம் இன்னொன்று. கழுத்தை உள்ளே இழுத்து, முழங்காலை மடக்கி, அடியில் நுழைந்து போனார். அவர் குனிந்த குனிவைப் பார்த்தால் துரையே பொறாமைப்பட்டிருப்பார். வேட்டியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு அதே வழியாகத் திரும்பவும் வர வேண்டியிருந்தது. போறணைச் சுவருக்கு மேலே இருந்த சின்ன ஜன்னலில் பேக்கரிக்காரரின் தலை தெரிந்தது, நாங்கள் நானா என்று கூப்பிடுகிற முஸ்லிம் அண்ணன்.

"ஐயா, பாத்து வாங்க, ஆணி இருக்கு" என்றார் அவர், ரொம்ப மரியாதையாக.

ஐயா தலையை இன்னும் கொஞ்சம் தாழ்த்தினார். உள்ளே மாவு பிசைந்துகொண்டிருந்த அக்காவுக்கு அப்போது இருமல் வந்தது. சிரிப்பை அடக்கத் தெரியாதவர்களின் இருமல். அன்றைக்கு மேளம் எனக்காகத்தான் அடித்தது என்று இன்றைக்கும் சொல்வேன்.

மறுநாள் விடிகிற நேரம். மழை அப்படியே கொட்டிக்கொண்டிருந்தது. ஐயா செம்போடு வந்தார். குடை வாசலில் மூலையில் சாத்தியபடியே இருந்தது. கொடிக்கு முன்னால் ஒரு கணம் நின்றார். பிறகு குனிந்து உள்ளே நுழைந்து கொல்லைக்குப் போனார். நேற்று அம்மன் முன்னால் கட்டி நின்ற வேட்டிக்கே அந்தக் கொடிதான் கதி என்றான பிறகு அதை அவிழ்க்கச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

நான் சேலையை எடுத்தேன். சுடச்சுட இருந்தது, பாண் வாசம் அடித்தது. கட்டி, மேலே கம்பளியும் படங்கும் சுற்றிக்கொண்டு முதல் பஸ்ஸைப் பிடித்தேன்.

மிஸி வார்டு வாசலில் நின்றார். நான் கம்பளியை அவிழ்த்ததும் புறங்கையைத் தோளில் வைத்தார். எடுக்கவில்லை. கையைத் திருப்பி உள்ளங்கையையும் வைத்துப் பார்த்தார்.

"எங்க காய வச்ச?"

"பாண் போறணையிலங்க மிஸி."

மூக்கை உறிஞ்சினார். இந்தத் தடவை சுளிக்கவில்லை. உள்ளே போய், அந்த விடியலில் பிறந்து இன்னும் கண் திறக்காத பிள்ளை ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்.

"கைய நீட்டு" என்று சொல்லி என் தோளில் சாய்த்தார். பிள்ளை கன்னத்தைச் சேலையில் தேய்த்துவிட்டுத் தூங்கிப்போனது.