வெளித்திட்டில் வெளிச்சம் பிடித்தவர்

அவள் கடலடியில் படம் எடுப்பவள். படகில் பாதி நாள் ஓடினால் வரும் வெளிப் பவளத்திட்டுதான் அவளுக்கு வேலை செய்யும் இடம். ஆராய்ச்சி நிலையத்துக்காகப் பவளங்களையும் மீன்களையும் எடுத்துக் கொடுப்பாள். கூடவே இறங்கி விளக்குப் பிடிப்பவர் அவள் கணவர். ஊரே அவரை 'லைட்டு' என்றுதான் கூப்பிடும்.

ஆழத்தில் முதலில் மறைவது சிவப்பு நிறம். விளக்கைக் கிட்டே கொண்டுபோனால்தான் பவளத்தின் நிறம் எழுந்து வரும். எந்தப் பக்கம் பிடித்தால் தூசி தெரியாது, எவ்வளவு தள்ளி நின்றால் மீன் மிரளாது என்பதெல்லாம் லைட்டுக்குத் தண்ணீர்பட்ட பாடு. அவள் விரலை அசைப்பதற்குள் வெளிச்சம் அங்கே போய் நிற்கும். வீட்டில் சண்டை முற்றினாலும் அவர் வாயைத் திறக்கமாட்டார். கடலுக்கடியில் 'மேலே போவோமா?' என்று கேட்கும் அதே சைகையாக, கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவார்.

"இதைக் காட்டியே ஆளைக் கவுத்துடுறீங்க," என்று அவள் சிரித்துவிடுவாள்.

நீரோட்டமும் சுறாவும் ஒன்றும் செய்யாத மனிதர், ஒரு காலையில் படகுத்துறையில் சிலிண்டர்களை ஏற்றும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"வாயுப்பிடிப்புதான். நீ போய் கேமராவைப் பாரு," என்றார்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

காரியத்துக்கு நாத்தனார் வந்திருந்தாள். "அண்ணி, அண்ணன் படம் ஒண்ணு எடுத்துக் குடுங்க. பெருசு பண்ணி மாட்டலாம்."

"அதுக்கென்ன, கொட்டிக் கிடக்கு," என்று கம்ப்யூட்டரைத் திறந்தாள். மகளும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

பவளம், மீன், ஆமை. ஒரு படத்தின் ஓரத்தில் அவர் கை. இன்னொன்றில் கால் துடுப்பின் நுனி. நிறையப் படங்களில் அவர் விட்ட மூச்சு மட்டும் குமிழ்குமிழாக மேலே போய்க்கொண்டிருந்தது. விளக்குப் பிடிப்பவரின் முகம் விழுந்துவிட்டால் அந்தப் படம் நிலையத்துக்கு உதவாது. அவளே அழித்துவிடுவாள்.

"கரையில எடுத்தது ஏதாவது இருக்காம்மா?"

"கரையில நான் எங்கடி கேமராவைத் தொட்டேன்?"

கடைசியில் அடையாள அட்டைப் படத்தைத்தான் பெரிதாக்கினார்கள். அதில் அவர் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தார்.

"பாலைக் குடிச்சுட்டு மாட்டிக்கிட்ட பூனை மாதிரி இருக்காரு அப்பா," என்றாள் மகள். மூவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எப்போது அழுகையானது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

மழைக்காலம் கழிந்ததும் அவள் மறுபடி வெளித்திட்டுக்குப் போனாள். வீட்டின் அமைதியைத் தாங்க முடியவில்லை. நிலையத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் விளக்குப் பிடித்தாள். கெட்டிக்காரிதான். ஆனால் ஒவ்வொன்றையும் சைகையால் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு விசிறிப் பவளத்தின் முன் பழக்கதோஷத்தில் விரலை லேசாக அசைத்துவிட்டுக் காத்திருந்தாள். வெளிச்சம் வரவில்லை. பவளம் கருநீலமாகவே நின்றது.

மூக்கையும் சேர்த்து மூடும் முக்குளிப்புக் கண்ணாடிக்குள் கண்ணீரைத் துடைக்க வழியில்லை. விளிம்பைத் தூக்கிக் கடல்நீரை உள்ளே விட்டு, மூக்கால் ஊதி வெளியேற்றினாள். மறுபடி கண் நிறைந்தது. மறுபடி ஊதினாள். விளக்குப் பிடித்த பெண் பதறிப்போய் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

படகில் ஏறியதும் படகோட்டி கேட்டார். "என்னம்மா, கண்ணு இப்படிச் செவந்திருக்கு?"

"கண்ணாடி லூசுண்ணே. தண்ணி பூந்துடுச்சு."

அவர் மேற்கொண்டு கேட்காமல் துண்டை நீட்டினார். முகத்தைத் துடைத்தவள், கேமராவை எடுத்து அவரைப் பார்த்துத் திருப்பினாள். பிறகு அந்தப் பெண்ணின் பக்கம்.

"ஐயோ அக்கா, தலைகூட வாரலை!"

"பரவாயில்ல. அப்படியே நில்லு."