சாம்பிள் பெட்டியும் திராட்சைக் கோழியும்

1. அடுப்புக்கு இருந்த கட்டுப்பாடு

நாரணாபுரம் போகிற வழியில் ஒரு பட்டாசுக் கம்பெனியின் கெஸ்ட் ஹவுஸில் பதினெட்டு வருஷம் சமையல் பார்த்தேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டதால் எழுத்துக் கூட்டித்தான் இதை எழுதுகிறேன். ஆனால் என் குழம்பை இரண்டாம் தடவை கேட்காமல் எந்தப் பார்ட்டியும் இலையை விட்டு எழுந்ததில்லை. பார்ட்டி என்றால் சரக்கு எடுக்க வருகிற வெளியூர் மொத்த வியாபாரி.

இப்போது இப்படி வேலைக்குப் போகிற பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. பார்ட்டிக்குக் காட்டுகிற பட்டாசு சாம்பிள் பெட்டி வீட்டுக்குள் வந்தால் அடுப்பு எரியக் கூடாது. ரெகுலேட்டரை மூடிவிட்டு நான் பின்வாசலில் போய் உட்கார்ந்துவிடுவேன். பெட்டி வேனில் ஏறிப் போன பிறகுதான் சமையல். அதனால் எதையும் அரை மணி நேரத்தில் முடிக்கிற கை எனக்கு வந்துவிட்டது.

2. ஐதராபாத் பார்ட்டி

சீசனுக்கு முந்தி ஒரு நாள், பெரிய ஆர்டர் கொடுக்கிற ஐதராபாத் பார்ட்டி வந்திருந்தார். வருஷா வருஷம் வந்து போனதில் தமிழ் ஓரளவு பேசுவார். வரும்போது ஒரு டப்பா நிறைய உலர்ந்த திராட்சையும் பேரீச்சையும் கொண்டுவந்து கொடுத்தார். சாயங்காலம் முதலாளி அடுப்படிக்கு வந்தார்.

"குருவம்மாக்கா, அவருக்கு வகுத்துல புண்ணாம். மொளகா ஆகாதுங்காரு. அவுக வீட்டுல கோழியில திராட்சை போட்டு இனிப்பா வைப்பாகளாம். ஏழு மணிக்கு மதுரைக்குக் கெளம்பணும்."

"கோழியில இனிப்பா? அதெல்லாம் மனுசன் திங்கிறதா?"

"அவரு திங்காரு, வைங்க. இந்தத் தடவையும் சாப்பாடு சரியில்லைன்னா மதுரையில இருந்து ஒரு மாஸ்டரைக் கூட்டியாந்துருவேன். சொல்லலைன்னு இருக்காதீக."

முதலாளி சும்மா மிரட்டுகிறவர் இல்லை. போன மாதம் வேறொரு பார்ட்டி, காரத்தால் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டதாக யாரோ சொல்லியிருந்தார்கள். அது பொய். ஆனால் மாஸ்டர் வந்தால் எனக்கு அந்த வீட்டில் பாத்திரம் கழுவுகிற வேலைதான் மிஞ்சும். அதற்கு நான் இருக்க மாட்டேன்.

3. கருகியது

பாயசத்துக்கு வறுப்பதுபோல் முதலில் நெய்யில் திராட்சையையும் பேரீச்சையையும் வறுத்துக்கொண்டு, பிறகு கோழியைப் போடலாம் என்று நினைத்தேன். அவசரத்தில் தீயைக் கூட்டி வைத்துவிட்டு வெங்காயம் உரிக்கத் திரும்பினேன். பேரீச்சை நெய்யில் உருகி அடிப்பிடித்து, கறுத்து, குபுகுபுவென்று புகை கிளம்பிவிட்டது.

அது பெரிய தப்பு இல்லை. பெரிய தப்பு ஹாலில் இருந்தது. மானேஜர் தங்கராசு எனக்குச் சொல்லாமலே ஒரு சாம்பிள் பெட்டியை முன்வாசல் வழியாகக் கொண்டுவந்து பார்ட்டிக்கு முன்னால் பிரித்து வைத்திருந்தார்.

"ஏலே, பொகைடா!" என்று மானேஜர் கத்தியது கேட்டது. அப்புறம் செருப்புச் சத்தம். பெட்டி உள்ளே வந்திருக்கிறது என்று அதிலேயே தெரிந்துவிட்டது. எங்கள் பக்கத்து ஆட்களுக்குக் கருகல் வாசம் பட்டால் யோசனை ஓடாது, கால்தான் ஓடும். நான் ரெகுலேட்டரை மூடி, ஈரச் சாக்கைச் சட்டியின் மேல் போட்டுவிட்டு ஹாலுக்கு வந்தேன். முதலாளி, மானேஜர், பெட்டி ஏற்றிவந்த வேன் டிரைவர் மூன்று பேரும் இல்லை. பார்ட்டி மட்டும் கையில் ஒரு புஸ்வாணத்தை வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"எல்லாம் எங்கே போச்சு, அம்மா?" என்றார்.

வாசலுக்குப் போய்ப் பார்த்தால், மூவரும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிறார்கள்.

"ஒண்ணுமில்ல, திராட்சை கருகிருச்சு. வாங்க!"

மானேஜர் அங்கிருந்தே, "மருந்து இல்லாமலே வெடி வச்ச ஆளு நீங்கதான்க்கா!" என்றார்.

"அடுப்பு எரியிற வீட்டுக்குப் பெட்டியத் தூக்கியாந்த ஆளு நீக. பேச்சப் பாரு."

வாசல்வரை திரும்பி வந்த முதலாளியின் முகம் செத்துப்போயிருந்தது. "போதும்க்கா. ஓட்டல்ல வாங்கிக்கிடலாம்," என்றார்.

4. இருபத்தைந்து நிமிஷம்

ஓட்டல் சாப்பாடு வந்துவிட்டால் என் வேலை அன்றோடு முடிந்தது என்று எனக்குத் தெரியும். "கோழி அப்படியே இருக்கு முதலாளி. பெட்டிய வெளிய கொண்டுபோகச் சொல்லுங்க. இருபத்தஞ்சு நிமிசம் குடுங்க," என்றேன். பார்ட்டி தானே எழுந்து பெட்டியைத் தூக்கப் போனார். மானேஜர் பதறி ஓடி வந்து வாங்கிக்கொண்டார். வேன் தெருமுனை திரும்பிய பிறகுதான் அடுப்பைப் பற்றவைத்தேன்.

செய்த முறை இதுதான். எலும்பில்லாத கோழியைச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி, உப்பு, மஞ்சள், இஞ்சி பூண்டு போட்டுப் பிசறினேன். மீதி இருந்த திராட்சையையும் பேரீச்சையையும் வெந்நீரில் ஊறப்போட்டேன். எண்ணெயில் வெங்காயம் சிவந்ததும் கோழியைப் போட்டு, கொஞ்சம் மிளகுத்தூள் தூவி மூடி வைத்தேன். கோழி நன்றாக வெந்த பிறகு தீயைக் குறைத்து, பழத்தை ஊறின தண்ணீரோடு ஊற்றி ஐந்து நிமிஷம். இறக்கி வைத்து எலுமிச்சம்பழம் பிழிந்தேன். நாக்கில் வைத்துப் பார்த்தேன். எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் உப்பு, புளிப்பு, இனிப்பு மூன்றும் ஒன்றையொன்று அமுக்காமல் நின்றன. அது போதும்.

பார்ட்டி சோற்றில் பிசைந்து சாப்பிட்டார். இரண்டாம் தடவை கேட்டார். கை கழுவிக்கொண்டே முதலாளியிடம் சொன்னார்:

"நீங்க மூணு பேரும் ஓடினீங்க. என்னை ஒருத்தர்கூட கூப்பிடல. இந்த அம்மாதான் உள்ளே நின்னு என்னைப் பார்க்க வந்தாங்க. அடுத்த வருஷமும் இவங்க கைச் சாப்பாடுதான் எனக்கு வேணும்."

முதலாளி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதன் பிறகு மாஸ்டர் பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

5. அன்றைக்குச் சொல்லாதது

பார்ட்டி சொன்னதை நான் மறுக்கவில்லை. ஆனால் உண்மை வேறு. நான் உள்ளே நின்றது அடுப்பை மூட. ஹாலுக்கு வந்தது, பெட்டியைக் கொண்டுவந்த மானேஜரைத் திட்ட. அங்கே ஒரு விருந்தாளி இருக்கிறார் என்பது, அவரை நேரில் பார்க்கிற வரை எனக்கும் நினைவில் இல்லை. ஓடியவர்களுக்கும் எனக்கும் அந்த விஷயத்தில் வித்தியாசம் கிடையாது. பாராட்டு மட்டும் என் இலையில் விழுந்தது, சாப்பிட்டுவிட்டேன்.

மறுநாளிலிருந்து ஒன்று செய்தேன். அடுப்பைப் பற்றவைக்கும் முன் ஹாலுக்குப் போய், யார் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பேன். புதிதாக வந்தவர் இருந்தால், "புகை வந்தா இந்தப் பக்கமா வெளிய வந்துருங்க," என்று வாசலைக் காட்டுவேன். சிலர் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், வாசல் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிட்டதல்லவா.