என் மீன் குழம்புக்குத் தோற்றவர்

தொண்ணூறுகளில் டுரியான் துங்கால் ஊர் பஸ்ஸில் பார்த்த மனிதர் அவர். ஒல்லி உடம்பு, வெள்ளைச் சட்டை. எது கைக்கு வந்தாலும் முதலில் முகர்ந்து பார்ப்பார், பஸ் டிக்கெட்டைக்கூட.

டவுனில் இருக்கும் மகளுக்கு மீன் குழம்பு கொண்டுபோனேன். பஸ் சட்டென்று நிற்க, தூக்குச்சட்டி சாய்ந்து பாதிக் குழம்பு அவர் சட்டையில் கொட்டிவிட்டது. என் கை பட்டு எந்தக் கறையும் தங்கியதில்லை. "கழட்டுங்க தம்பி, துவைச்சுத் தரேன்" என்றேன்.

சட்டையை முகர்ந்துவிட்டுச் சிரித்தார். "துவைச்சிடாதீங்கம்மா! இந்த மாதிரி எண்ணெய்க் கறையைத்தான் தேடிக்கிட்டிருக்கேன் லா."

எனக்குச் சுருக்கென்றது. சோப்புத்தூள் செய்யும் லேப்பில் வேலையாம். கறையைத் தின்னும் என்சைம் ஒன்றிலிருந்து, ஒவ்வொன்றும் கொஞ்சம் மாறின மாதிரி நூறு பிள்ளைகளை உண்டாக்குவாராம். அதில் நன்றாகத் தின்னும் பிள்ளைக்கு மறுபடியும் நூறு பிள்ளைகளாம்.

"மத்த பிள்ளைங்க?" என்றேன்.

"தூக்கிப் போட்டுடுவேன்."

"நான் ஏழு பெத்தேன், ஒண்ணுகூட என்னை மிஞ்சல. தூக்கியா போட்டேன்?"

"எட்டாவது பாத்திருக்கலாமேம்மா!"

பஸ்ஸே சிரித்தது.

சில மாதம் கழித்து மறுபடி பார்த்தேன். "நாலாவது தலைமுறை வந்திருச்சும்மா. உங்க குழம்புக்கிட்ட இன்னும் தோக்குது. சோதனைக்கு வெட்டி வெட்டிச் சட்டையும் தீந்துபோச்சு. இன்னும் கொஞ்சம் குழம்பு கிடைக்குமா?"

"அன்னிக்கே கழட்டிக் குடுத்திருந்தா ஒரே கசக்குல எடுத்திருப்பேன்" என்றேன்.

ஆனாலும் மறுநாள் ஒரு சட்டி நிறையக் கொடுத்தேன். முகர்ந்துவிட்டுக் கும்பிட்டார். தின்றாரா, சட்டையில் ஊற்றினாரா, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.