குளோசப் எடுத்த மூன்று ஷாட்

எங்கள் ஸ்டூடியோவில் அவருக்குக் குளோசப் என்றுதான் பெயர். கல்யாண வீடியோ எடுக்கப் போனால் மாப்பிள்ளையின் மூக்கு நுனி வரை போய் நிற்பார். புதிதாகக் கேமரா வாங்கியவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்பும் எடுப்பார்.

"முதல்ல தள்ளி நின்னு இடத்தைக் காட்டுங்க. அப்புறம் இடுப்பு வரைக்கும் ஆளைக் காட்டுங்க. கண்ணு கலங்குதுன்னா பக்கத்துல போங்க. சும்மா சும்மா ஜூம் பண்ணாதீங்க, பாக்கிறவனுக்குத் தலை சுத்தும்."

பக்கத்து மேசையில் எடிட் செய்யும் எனக்கு இது தலைகீழாய் மனப்பாடம்.

மனைவி இறந்த பத்தாம் நாள் கடைக்கு வந்தார். முகத்தில் ஒன்றுமே இல்லை. மெமரி கார்டை என் மேசையில் வைத்தார். பிரசவ நாள் நெருங்கியதால் வெளிநாட்டிலிருந்து வர முடியாத மகளுக்காக, ஆஸ்பத்திரியில் அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் அண்ணி, கடைசியாகப் பேசியதை எடுத்திருந்தார்.

"மூணு ஷாட். முழு ரூம், பாதி ஆள், முகம். ஒட்டிக் குடு. பொண்ணு தினமும் கேக்குறா."

போட்டேன். தரை. அவர் செருப்பு. கட்டில் கால். மூன்று கோப்பிலும் அதேதான். முதல் தடவை பொத்தான் அமுங்கவில்லை. நிறுத்துவதாக நினைத்து அமுக்கியபோதுதான் பதிவு தொடங்கியிருக்கிறது. அதன்பிறகு எல்லாமே மாறிப்போய்விட்டது: அண்ணி பேசும்போது நின்றிருக்கிறது, கேமராவைத் தாழ்த்தியபோது ஓடியிருக்கிறது. நேற்று கேமரா வாங்கியவன் செய்கிற தப்பு. எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது.

"சிவப்பு விளக்கு எரியுதான்னு பாக்கலையாண்ணே?"

"அவளைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

தரையின் மேல் அண்ணியின் குரல் மட்டும் கேட்டது. "நிறுத்திட்டீங்களா? வலி தாங்கலங்க. அவகிட்ட சொல்லிடாதீங்க. அதுக்குத்தான் சிரிச்சுச் சிரிச்சுப் பேசினேன்."

அவர் இன்னொரு தடவை போடச் சொன்னார். போட்டேன்.

"இதை அனுப்ப முடியாதுல்ல?"

"முடியாதுண்ணே."

போனை எடுத்து மகளை அழைத்தார். "வீடியோ வரலம்மா. அப்பா தப்புப் பண்ணிட்டேன். அம்மா என்ன சொன்னான்னு சொல்றேன், கேளு. வலியே இல்லைன்னுட்டா. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா." பிறகு பத்து நிமிடம், மனைவி பேசியதை வரிசையாகச் சொன்னார். குழந்தையை எப்படித் தூக்க வேண்டும் என்பது வரைக்கும். அந்தப் பக்கம் அழுகை கேட்டது. இவர் அழவில்லை.

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஒரு வார்த்தை விடாம சொல்லிட்டேன்ல?"

சொல்லிவிட்டீர்கள் என்றேன். அதைச் சரிபார்க்க எங்களிடம் எதுவும் இல்லை.